நீக்கப்பட்ட அதிகாரியும் நிற்க வேண்டிய மக்களும்

மஸ்ஜித் இந்தியா சாலையின் துணிக்கடைகளையும் பூக்கடைகளையும் கடந்து மஸ்ஜித் ஜாமெக் பக்கமாக நடந்தால், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடம் வருகின்றது. ஆற்றுக்கு அப்பால் கடிகாரக் கோபுரத்தோடு நிற்பது சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் அக்கட்டடத்தில்தான் 1988-ஆம் ஆண்டில் நாட்டின் உச்ச நீதிமன்றம் இயங்கிவந்தது. நீதித்துறையின் தலைவர் துன் சாலே அபாஸ் பதவியிழந்த ஆண்டு அது. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29, 30 ஆகிய நாள்களில் பெர்சே பேரணியினர் மஞ்சள் சட்டை அணிந்து குழுமியதும் இதே வட்டாரத்தில்தான். அந்தப் பேரணிக்கு ஒரு மாதத்திற்கு முன்பு நாட்டின் தலைமை வழக்குத்தொடுநர் பதவியிழந்திருந்தார். இரு நிகழ்வுகளுக்கும் இடையே 27 ஆண்டுகள். நம் மாணவர்களுள் பலர் இரண்டையும் அறியார். ஆசிரியர்களாகிய நாமோ அறிந்தும் வகுப்பில் பேசத் தயங்குகிறோம்.

அரசியல் காரணத்தால் பதவியிழக்கும் சட்ட அமலாக்க அதிகாரி ஒருவருக்கு மக்கள் ஆதரவு தருவது எதன்பொருட்டு என்பதே இவ்வுரையின் பொருள். இதனைச் சட்ட வல்லுநர்க்கு மட்டும் உரியதாக விட்டுவிட வேண்டியதில்லை. மொழி கற்பிப்போர்க்கும் இதில் வேலை உண்டு. ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

பதவியிலிருந்து ஒருவரை அகற்றுவதற்கு அரசுகள் 'நீக்கம்' என்னும் சொல்லை அரிதாகவே கையாளுகின்றன. 'பணிக்காலம் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது' என்பர். 'இடமாற்றம் செய்யப்பட்டார்' என்பர். 'விடுப்பில் செல்லுமாறு பணிக்கப்பட்டார்' என்பர். 'பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்' என்பதும் உண்டு. விடுவித்தல் என்றால் ஏதோ தளையிலிருந்து அவருக்கு விடுதலை கிடைத்ததுபோலத் தோன்றும். இத்தொடர்கள் யாவும் செயப்பாட்டுவினையில் அமைந்திருப்பதை மாணவர்க்குச் சுட்டிக்காட்ட வேண்டும். 'படு' என்னும் துணைவினை வந்து சேர்ந்தவுடன் செய்தவர் தொடரிலிருந்து மறைந்துவிடலாம். இலக்கணம் அதற்கு இடங்கொடுக்கின்றது. 'நீக்கினார்' என்று எழுதினாலோ, யார் என்ற கேள்வி உடனே எழுகின்றது.

2015-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் வெளியான அறிவிப்பை இக்கண்கொண்டு நோக்குவோம். சட்டத்துறைத் தலைவர் தான் ஸ்ரீ அப்துல் கனி பட்டேலின் பதவிக்காலம் முந்திய நாளோடு முடிவுற்றதாக அரசாங்கத் தலைமைச் செயலாளர் அலி ஹம்சா அறிவித்தார். காரணம் உடல்நலம் என்று கூறப்பட்டது. அவருக்குப் பதிலாக முகமட் அபாண்டி அலி நியமிக்கப்பெற்றார். கனி பட்டேல் ஓய்வுபெற எஞ்சியிருந்தது ஏறத்தாழ பத்து வாரமே. அவர் உடல்நலம் குன்றியிருந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பத்து வாரத்திற்கு முன்பு அவர் மேசையில் என்ன இருந்தது என்பதை அறிந்தால்தான் அறிவிப்பின் முழுப்பொருள் விளங்கும்.

அவ்வாண்டு ஜூலைத் தொடக்கத்தில் அமெரிக்க நாளேடான வால் ஸ்ட்ரீட் ஜர்னல், அன்றைய பிரதமர் நஜிப் துன் ரசாக்கின் தனிப்பட்ட வங்கிக் கணக்குகளில் ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டாலர், அதாவது 260 கோடி ரிங்கிட், சேர்ந்ததாகச் செய்தி வெளியிட்டது. அரசுக்குச் சொந்தமான 1எம்டிபி முதலீட்டு நிறுவனத்தைச் சுற்றி ஏற்கெனவே எழுந்திருந்த ஐயங்களோடு இச்செய்தியும் சேர்ந்துகொண்டது. சட்டத்துறை, மத்திய வங்கி, ஊழல் தடுப்பு ஆணையம், காவல்துறை ஆகிய நான்கும் சேர்ந்த சிறப்புப் பணிக்குழு விசாரணையில் இறங்கியிருந்தது. அக்குழுவில் இருந்தவர்களுள் கனி பட்டேலும் ஒருவர். அவர் அகன்ற அதே நாளில் துணைப் பிரதமர் முகிதீன் யாசினும் அமைச்சரவையிலிருந்து விலக்கப்பட்டார். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவரும் வேறு சில உறுப்பினர்களும் அமைச்சுப் பொறுப்புகளுக்கு உயர்த்தப்பட, அக்குழு நடத்திவந்த விசாரணையும் தடைப்பட்டது. ஒரே நாளில் இத்தனை நாற்காலிகள் நகர்ந்தபோது, 'உடல்நலம்' என்னும் ஒரு சொல் அவற்றுள் ஒன்றற்கு விளக்கமாக வைக்கப்பட்டது.

மக்கள் இதற்கு என்ன செய்தனர்? மலேசிய வழக்கறிஞர் மன்றம் நீக்கத்தைக் கண்டித்தது. எதிர்க்கட்சியினர் கேள்வி எழுப்பினர். ஆகஸ்டு இறுதியில் பிரிக்ஃபீல்ட்ஸ், சோகோ, பாசார் செனி முதலிய இடங்களில் கூடி மெர்டேக்கா சதுக்கம் நோக்கிச் சென்ற பேரணியில் தூய்மையான ஆட்சி வேண்டும் என்ற முழக்கம் எழுந்தது. ஆயினும் கனி பட்டேல் என்ற தனி மனிதருக்காகத் தெருவில் பெருங்கூட்டம் கூடியதாகக் கூற இயலாது. அதற்குக் காரணம் உண்டு. அதனை ஒளிக்காமல் பேசுவதே நேர்மை. குறிப்பாக நம் சமுதாயத்திற்குள் பேசும்போது.

கனி பட்டேல் 2002-இல் சட்டத்துறைத் தலைவரானவர். அதற்கு முன்பு, 1998, 1999-ஆம் ஆண்டுகளில் அன்வார் இப்ராஹிம்மீது நடந்த வழக்கில் அரசுத் தரப்பில் நின்றவர்களுள் ஒருவர். 2007 நவம்பர் 25-ஆம் நாள் ஹிண்ட்ராஃப் பேரணியன்று விடியற்காலையில் பத்துமலைக் கோயில் வளாகத்தில் நிகழ்ந்த மோதலை ஒட்டி இந்தியர் 31 பேர்மீது கொலை முயற்சிக் குற்றம் சாட்டப்பட்டபோது, ஷா ஆலாம் நீதிமன்றத்தில் நேரில் நின்று வாதிட்டவரும் அவரே. அவர்களுள் மாணவர்களும் இருந்தனர். அவர்களைப் பிணையில் விடக்கூடாதென்று அரசுத் தரப்பு வலியுறுத்தியது. பிள்ளையைக் காணச் சிறைவாயிலில் காத்து நின்ற பெற்றோர்களை நாம் மறந்துவிடவில்லை. சில வாரங்களில் கொலை முயற்சிக் குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது. அந்த மனிதர் பதவியிழந்த செய்தி 2015-இல் வந்தபோது, நம்மில் சிலர் உள்ளுக்குள் 'வேண்டியதுதான்' என்று நினைத்திருந்தால் அதனைப் புரிந்துகொள்ள முடிகின்றது.

புரிந்துகொள்ளலாம், ஏற்க இயலாது என்பதே நம் கருத்து. நமக்குப் பிடித்த அதிகாரி நீக்கப்படும்போது குரல்கொடுப்பது எளிது. அது நட்பு, சில வேளைகளில் இரசிகர் மனப்பான்மை. நமக்கு இன்னல் இழைத்தவர் என்று நாம் கருதும் ஒருவர், ஆட்சியாளரை விசாரிக்கும் வேளையில் அகற்றப்படும்போதுதான் நாம் உண்மையில் எதற்கு ஆதரவு தருகிறோம் என்பது தெரியவருகின்றது. 2007-இல் அவர் செய்தது தவறெனில், அதற்குக் கேட்க வேண்டிய விளக்கம் வேறு. கேட்க வேண்டிய மன்றமும் வேறு. 2015-இல் அவர் அகற்றப்பட்டது 2007-இன் பொருட்டன்று. அன்று சிறைவாயிலில் நின்ற பெற்றோர்க்கு அந்த நீக்கத்தால் எந்த நீதியும் கிட்டவில்லை.

இனி, இவ்வளவு எளிதாக அவரை அகற்ற முடிந்தது எப்படி என்று பார்ப்போம். இப்பகுதியைச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது. பாடநூல்களில் இது ஒரு வரியில் முடிந்துவிடுகின்றது.

கூட்டரசு அரசியலமைப்பின் 145-ஆவது விதி சட்டத்துறைத் தலைவரைப் பற்றியது. பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் அவரை நியமிக்கிறார். அவருக்கு இரண்டு பணிகள். ஒன்று, அரசாங்கத்திற்குச் சட்ட ஆலோசனை வழங்குவது. மற்றொன்று, குற்ற வழக்கைத் தொடுப்பதா, நடத்துவதா, நிறுத்துவதா என்பதைத் தம் விருப்புரிமைப்படி முடிவு செய்வது. முதற்பணியில் அரசாங்கம் அவருடைய கட்சிக்காரர். இரண்டாவது பணியில் அரசாங்கத்தைச் சேர்ந்தவரே குற்றஞ்சாட்டப்படுபவராக வரக்கூடும். ஒரே மனிதர் இரு தொப்பிகளை அணிந்திருப்பதால் எழும் இடர் இது. இரு பதவிகளையும் பிரித்துத் தனி வழக்குத்தொடுநர் அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என்று வழக்கறிஞர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவதும் இதனாலேயே.

1957-இல் நாடு விடுதலை பெற்றபோது இருந்த மூல விதியில் இவ்விடருக்கு ஓர் அரண் இருந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரை எந்தக் காரணத்தால், எந்த முறையில் நீக்கலாமோ, அந்தக் காரணத்தாலும் அந்த முறையிலும் மட்டுமே சட்டத்துறைத் தலைவரையும் நீக்கலாம் என்று அது கூறியது. 1960-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்த அரணை அகற்றியது. இப்போதைய விதி, மாமன்னரின் விருப்பம் உள்ளவரை அவர் பதவியில் இருப்பார் என்கின்றது. மாமன்னர் பெரும்பாலும் ஆலோசனைப்படியே செயல்படுபவர் என்பதால், அந்த விருப்பத்தின் பின்னே நிற்பவர் பிரதமர் என்பது நடைமுறை. விதியின் இறுதிக் கூறு மட்டும் பழைய அரணை இன்னும் பேசுகின்றது. ஆனால் அது திருத்தம் நடைமுறைக்கு வந்த வேளையில் பதவியில் இருந்தவருக்கு மட்டும் உரியது. இடிந்த கோட்டையில் ஒரு வாயில் மட்டும் நிற்பதுபோல அது நிற்கின்றது. 2015-இல் சிலர் இக்கூற்றைச் சுட்டி வாதிட்டதும் உண்டு. சட்டத்தின் சொற்கள் அவ்வாதத்திற்கு அவ்வளவாக இடந்தரவில்லை என்றே நாம் எண்ணுகிறோம்.

ஆகவே கனி பட்டேலை நீக்கியது சட்டமீறல் என்று எளிதில் கூறிவிட இயலாது. இடையூறு அங்கேதான் உள்ளது. சட்டம் அனுமதித்ததொன்றை அறம் அனுமதிக்கவில்லை என்று சொல்ல வேண்டிய நிலையில், வழக்கு மன்றத்தைவிட மக்கள் மன்றமே பேசியாக வேண்டியிருந்தது.

மக்கள் மன்றம் பேசினால் பயன் உண்டா என்று மாணவர் கேட்பர். அதற்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அடுத்த சில நாள்களிலேயே விடை கிடைத்தது. ஆகஸ்டு முதல் வாரத்தில், ஊழல் தடுப்பு ஆணையத்தின் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு இயக்குநர் பஹ்ரி முகமட் சின், வியூகத் தொடர்புப் பிரிவு இயக்குநர் ரொஹைசாட் யாக்கோப் ஆகிய இருவரும் பிரதமர் துறைக்கு உடனடியாக இடமாற்றம் செய்யப்பட்டனர். விசாரிக்கப்படுபவரின் துறைக்கே விசாரிப்பவர்கள் மாற்றப்பட்ட விந்தை அது. ஆணையத்தின் அதிகாரிகள் சமூக ஊடகங்களில் தம் வேதனையை வெளிப்படையாகப் பகிர்ந்தனர். அரசு ஊழியர்கள் அவ்வாறு பேசுவது இந்நாட்டில் அரிது. ஊடகங்களும் பொது அமைப்புகளும் காரணம் கேட்டன. சில நாள்களிலேயே இடமாற்றம் மீட்டுக்கொள்ளப்பட்டு இருவரும் பழைய பணிக்குத் திரும்பினர்.

தலைமை வழக்குத்தொடுநர் திரும்பவில்லை. இரண்டு இயக்குநர்கள் திரும்பினர். ஏன் இந்த வேறுபாடு? பதவியின் உயரம் ஒரு காரணம் என்பது வெளிப்படை. மற்றொன்று, ஆணையத்தின் இருவர்க்கும் ஆதரவு முதலில் அவர்தம் சகப் பணியாளரிடமிருந்தே எழுந்தது. உள்ளிருந்து எழும் குரலை 'எதிர்க்கட்சியின் தூண்டுதல்' என்று ஒதுக்குவது கடினம். மூன்றாவதாக, கோரிக்கை சிறியது, தெளிவானது: இவ்விருவரையும் பழைய நாற்காலிக்கு அனுப்புங்கள். ஆட்சி மாற வேண்டும், நாடு மாற வேண்டும் என்ற பெருமுழக்கங்களுக்கு இடையே சட்டத்துறைத் தலைவரின் நீக்கம் ஒரு கூறாகக் கரைந்துபோயிற்று.

அமெரிக்காவில் 1973-இல் நிகழ்ந்ததும் இதனையே காட்டுகின்றது. வாட்டர்கேட் விவகாரத்தை விசாரித்துவந்த சிறப்பு வழக்குத்தொடுநர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ், அதிபர் நிக்சனிடம் இருந்த ஒலிநாடாக்களைக் கேட்டார். அக்டோபர் 20-ஆம் நாள் அவரை நீக்குமாறு அதிபர் பணித்தபோது, சட்டத்துறைத் தலைவர் எலியட் ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகினார். அவருடைய துணைவர் வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்து வெளியேறினார். மூன்றாம் நிலையில் இருந்தவரே ஆணையை நிறைவேற்றினார். அந்த வார இறுதியிலேயே வாஷிங்டனுக்குத் தந்திகள் குவியத் தொடங்கின. முகமறியாப் பொதுமக்கள் காசு கொடுத்து அனுப்பிய தந்திகள் அவை. மூன்று நாளில் நிக்சன் ஒலிநாடாக்களைத் தர இசைந்தார். நவம்பர் முதல் நாளில் லியோன் ஜவோர்ஸ்கி என்ற புதிய வழக்குத்தொடுநர் அமர்த்தப்பட்டார். காக்ஸ் பதவிக்குத் திரும்பவில்லை. அவர் கேட்ட ஒலிநாடாக்களும் அவர் தொடங்கிய வழக்கும் உயிரோடு இருந்தன. அடுத்த ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார்.

இந்தியாவில் வேறு வழி. மத்தியப் புலனாய்வுத் துறையின் இயக்குநருக்குக் குறைந்தது ஈராண்டுப் பதவிக்காலம் வேண்டும் என்று 1997-இல் வினீத் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்தது. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் மாநிலக் காவல்துறைத் தலைவர்களுக்கும் அது போன்ற காப்பைக் கூறியது. ஆயினும் 2018 அக்டோபரில் இயக்குநர் ஆலோக் வர்மாவை நள்ளிரவில் 'விடுப்பில்' அனுப்ப முடிந்தது. நீக்கம் என்று சொன்னால் சட்டம் குறுக்கே நிற்கும். விடுப்பு என்று சொன்னால் நிற்காது என்பது கணக்கு. 2019 ஜனவரி 8-இல் உச்ச நீதிமன்றம் அவரை மீளவும் அமர்த்த, இரண்டே நாளில் உயர்மட்டத் தேர்வுக்குழு அவரை அப்பதவியிலிருந்து மாற்றிவிட்டது. நாம் முதலில் பார்த்த சொற்பட்டியல் வெறும் இலக்கணப் பயிற்சி அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

சட்டக்காப்பு மட்டும் இருந்தால் போதும் என்று எண்ணுவோர் ஆற்றுக்கு அப்பால் உள்ள அந்தக் கட்டடத்தை மீளவும் நோக்க வேண்டும். துன் சாலே அபாஸுக்குச் சட்டத்துறைத் தலைவருக்கு இல்லாத காப்பு இருந்தது. நடுவர் மன்றம் அமைத்து விசாரித்த பின்னரே அவரை நீக்க முடியும். 1988 மே மாதம் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். நடுவர் மன்றம் அமைந்தது. ஜூலை 2-ஆம் நாள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவர் அவசரமாகக் கூடி, நடுவர் மன்றம் தன் அறிக்கையை மாமன்னரிடம் அளிப்பதற்கு இடைக்காலத் தடை விதித்தனர். சில நாள்களில் அந்த ஐவருமே இடைநீக்கம் செய்யப்பட்டனர். தடை அகன்றது, ஆகஸ்டில் சாலே அபாஸ் பதவியிழந்தார். ஐவருள் இருவரும் பின்னர்ப் பதவியிழந்தனர். வழக்கறிஞர் மன்றம் அன்று சாலே அபாஸுக்காக உறுதியாக நின்றது. பொதுமக்களோ, நீதிபதிகளின் சண்டை நமக்கென்ன என்று பெரும்பாலும் ஒதுங்கியிருந்தனர். இருபது ஆண்டு கழித்து, 2008-இல், அரசு அந்நீதிபதிகளுக்கு நல்லெண்ணத் தொகை வழங்க முன்வந்தது. மன்னிப்பு என்ற சொல் அப்போதும் வரவில்லை.

2015-க்குப் பிந்திய கதையை விரைந்து கூறலாம். 2016 ஜனவரியில் புதிய சட்டத்துறைத் தலைவர் அபாண்டி அலி, பிரதமர் குற்றம் எதுவும் புரியவில்லை என்றும் பணம் சவூதி அரச குடும்பத்தின் நன்கொடை என்றும் அறிவித்து வழக்கை மூடினார். அவ்வாண்டு மார்ச்சில் அவரைப் பதவி விலகக் கோரி வழக்கறிஞர் மன்றத்தின் பொதுக்கூட்டம் தீர்மானம் இயற்ற, அத்தீர்மானத்தோடு தொடர்புடைய வழக்கறிஞர்களைக் காவல்துறை தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் விசாரித்தது. 2018 மே 9 பொதுத்தேர்தலில் ஆட்சி மாறியது. அம்மாதமே அமைந்த 1எம்டிபி சிறப்புக் குழுவில் கனி பட்டேல் இடம்பெற்றார். 2015-இல் காவல்துறைச் சிறப்புப் பிரிவிலிருந்து பிரதமர் துறைக்கு மாற்றப்பட்டிருந்த அப்துல் ஹமிட் பாடோரும் அக்குழுவில் இருந்தார். அவர் மறு ஆண்டு தேசியக் காவல்படைத் தலைவரானார். ஊழல் தடுப்பு ஆணையத்தின் புதிய தலைவர் முகமட் சுக்ரி அப்துல், 2015-இல் தாம் பட்ட மிரட்டல்களைச் செய்தியாளர் கூட்டத்தில் விவரிக்கையில் கண்கலங்கியதைத் தொலைக்காட்சியில் பலர் கண்டிருப்பர். 2020 ஜூலை 28-ஆம் நாள், கனி பட்டேலின் நீக்கம் அறிவிக்கப்பட்டு ஐந்தாண்டு நிறைந்த அதே நாளில், எஸ்ஆர்சி நிறுவனத்தின் 4 கோடியே 20 இலட்சம் ரிங்கிட் தொடர்பான வழக்கில் நஜிப் குற்றவாளி என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டு 23-இல் கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 1988-இல் சாலே அபாஸ் நீக்கப்பட்டபோது பிரதமராக இருந்த துன் மகாதீரே, 2018-இல் கனி பட்டேலை மீளவும் அழைத்த பிரதமர் என்பதை வரலாற்று ஆசிரியர்கள் கவனித்திருப்பர்.

பலரும் கூறாது விடும் பகுதி ஒன்று எஞ்சியுள்ளது. 2018-இல் அபாண்டி அலியும் தம் ஒப்பந்தக் காலம் முடியுமுன் அகற்றப்பட்டார். முதலில் விடுப்பு; பின்னர் பணிமுடிவு. டோமி தோமஸ் அப்பதவிக்கு வந்தார். 2020 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்தவுடன் அவரும் விலகினார். இவ்விரு ஆட்சி மாற்றங்களோடும் தலைமை வழக்குத்தொடுநரும் மாறினார். அபாண்டி அலியின் முடிவை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அவர் அகற்றப்பட்ட முறை, கனி பட்டேல் அகற்றப்பட்ட முறையிலிருந்து எவ்வாறு வேறுபட்டது என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டால், 'இவர் தவறு செய்தார், அவர் செய்யவில்லை' என்ற விடை போதாது. இருவரையும் அகற்றிய விதி ஒன்றே. அன்று நாம் மகிழ்ந்தோம் என்றால், அந்த மகிழ்ச்சியையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

திருவள்ளுவர் ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தபின் வினையில் அமர்த்துவதற்கு மற்றோர் அதிகாரமும் தனித்தனியே வகுத்ததை இவ்விடத்தில் ஆசிரியர்கள் எடுத்துக்காட்டலாம். அமர்த்துவதற்கு முன் அவ்வளவு ஆராய்ச்சி வேண்டும் என்றால், அகற்றுவதற்கு முன் எவ்வளவு வேண்டும் என்பது வகுப்பில் நல்ல விவாதமாக அமையும். மேல்நிலை மாணவர்க்கு ஒரு பயிற்சியையும் பரிந்துரைக்கிறோம். பதவிநீக்க அறிவிப்புகள் ஐந்தாறினை நாளேடுகளிலிருந்து தொகுத்து, ஒவ்வொன்றையும் செய்வினையாக மாற்றி எழுதச் சொல்லலாம். எழுவாய் கிடைக்காத இடத்தில் கோடிட்டு வெறுமையாக விட வேண்டும். பின்னர் 145-ஆவது விதியைப் படித்து அக்கோட்டின்மேல் யார் பெயரை எழுதலாம் என்று அவர்களே முடிவு செய்யட்டும்.